நாய்கன் மகள் நக்கண்ணை: பெண்பெயர்களின் முன்னொட்டும் பின்னொட்டும்

ஹெப்பகோடி, பொம்மசந்திரா, சந்தாபுரம் பக்கம் 30க்கு 40 சைட் ஒன்றாவது வாங்கிய தமிழ்க் குடும்பங்கள் நம்மில் நிறைய உண்டு. கிரயப் பத்திரத்தையும் பஹணியையும் கன்னடம் தெரிந்த யாரிடமாவது கொடுத்துப் படித்துக் காட்டச் சொல்லியிருப்பீர்கள். அதில் ஓர் ஆணின் பெயருக்கும் அவன் தகப்பன் பெயருக்கும் நடுவே 'பின்' என்று ஒரு சொல் வரும். மணமான பெண்ணின் பெயருக்கும் அவள் கணவன் பெயருக்கும் நடுவே 'கோம்' என்று வரும். 'பின்' அரபுச் சொல். இன்னாருடைய மகன் என்று பொருள். 'கோம்' என்றால் இன்னாருடைய மனைவி. இந்த இரண்டு சிறு சொற்கள் மாறிப் போனால் சொத்தே கைமாறிப் போகும். அதனால்தான் எழுத்தர்கள் இவற்றை விடாமல் எழுதுகிறார்கள்.

ஒரு பெண் யாருடைய மகள், யாருடைய மனைவி என்பதை மொழிகள் எப்படிச் சொல்கின்றன? அப்படிச் சொல்லும்போது அவளுடைய சொந்தப் பெயருக்கு என்ன ஆகிறது? இந்த இரண்டு கேள்விகளை வைத்துக்கொண்டு நம் பழைய இலக்கியத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நான் பட்டம் பெற்ற புலவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பம். தொழில் அரிசி, மளிகை வியாபாரம். கடை சாத்திய பிறகு படித்த படிப்புதான். ஆனால் பெயர் விஷயத்தில் கடைக்காரனுக்கும் கொஞ்சம் அனுபவம் உண்டு, அது பின்னால் வரும்.

அயர்லாந்தின் வழக்கம்

முதலில் தூரத்து ஊர் ஒன்றைப் பார்த்துவிட்டு வருவோம். அயர்லாந்தின் பழைய மொழி கேலிக். அந்த மக்களின் குடும்பப் பெயர்களுக்கு முன்னால் 'மக்' என்றோ 'ஓ' என்றோ ஓர் ஒட்டு இருக்கும். 'மக்' என்றால் மகன். 'ஓ' என்றால் பேரன், வழித்தோன்றல். ஓ'கானல், மக்டொனால்ட் எல்லாம் நம் காதில் விழுந்த பெயர்கள்தாம். ('மக்' என்றதும் நம் 'மக' நினைவுக்கு வந்து உறவு கொண்டாடத் தோன்றும். அது கெல்ட்டியக் குடும்பத்துச் சொல், நம்முடையது திராவிடக் குடும்பத்துச் சொல். ஒலி ஒத்துப்போவதால் மட்டும் உறவு வந்துவிடாது. மலர்க் கட்டுரைகளில் இந்த வகை ஆராய்ச்சி அதிகமாகிவிட்டது என்பதால் சொல்லி வைக்கிறேன்.)

விஷயம் இனிமேல்தான். பெண்ணுக்கு 'ஓ', 'மக்' போட முடியாது. அவள் மகனும் அல்ல, பேரனும் அல்ல. அவளுக்கு ஒட்டு வேறு. 'ஓ' குடும்பத்து மகளுக்கு 'நீ' என்ற ஒட்டு, 'மக்' குடும்பத்து மகளுக்கு 'நிக்' என்ற ஒட்டு. 'மகள்' என்ற பொருள் தரும் 'இனீன்' என்ற சொல்லும் குடும்ப ஒட்டும் சேர்ந்து தேய்ந்து போனவை இவை. அதே குடும்பத்துக்கு மருமகளாக வந்தவளுக்கு 'பான் ஈ', அதாவது 'இன்னார் வீட்டு மனைவி' என்று இன்னோர் ஒட்டு. மகளுக்கான ஒட்டு வந்தால் பின்வரும் பெயரின் முதல் மெய்யெழுத்தும் மென்மையாகிவிடும். பெயரைக் கேட்ட மாத்திரத்தில் இவள் அந்த வீட்டில் பிறந்தவளா, வாழ வந்தவளா என்று தெரிந்துவிடும்.

மற்ற நாடுகளிலும் இது உண்டு. ஐஸ்லாந்தில் தகப்பன் பெயரோடு 'மகள்' என்ற பொருளில் 'டோட்டிர்' சேர்ப்பார்கள். கல்யாணம் ஆனாலும் அது மாறாது. லித்துவேனியாவில் மகளுக்கு ஒரு விகுதி, மனைவிக்கு ஒரு விகுதி. மணமானவளா இல்லையா என்று பெயரே ஊருக்குச் சொல்வது வேண்டாம் என்று பெண்கள் கேட்டதனால் 2003இல் அங்கே பொதுவான ஒரு விகுதியும் அனுமதிக்கப்பட்டது.

சங்கப் பெயர்களில் நான்கு வகை

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். சங்கப் பெண்பாற் புலவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எண்ணிக்கையில் நின்றுவிடுகிறார்கள். ஒருவர் பட்டியலுக்கும் இன்னொருவர் பட்டியலுக்கும் கணக்கு ஒத்து வராது. காரணம், நம் மரியாதை விகுதி. நக்கண்ணை, நச்செள்ளை, நன்னாகை என்ற பெண்பெயர்களோடு 'ஆர்' சேர்ந்து நக்கண்ணையார், நச்செள்ளையார், நன்னாகையார் ஆகும்போது, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே முடிவு வந்துவிடுகிறது. முன்னால் வரும் 'ந', 'நல்' என்பதும் சிறப்புக் குறித்து இரு பாலுக்கும் பொதுவாக வரும். நக்கீரர் ஆண், நப்பசலையார் பெண். ஆகவே பெயரைப் பார்த்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. எண்ணிக்கைச் சண்டையை விட்டுவிட்டு, பெயர்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்று பார்த்தால் நான்கு வகை கிடைக்கும்.

முதல் வகை, ஊரும் சொந்தப் பெயரும். ஒக்கூர் மாசாத்தியார், கச்சிப்பேட்டு நன்னாகையார், அள்ளூர் நன்முல்லையார். இவர்கள் பெயரில் தகப்பனும் இல்லை, கணவனும் இல்லை. மதுரை, உறையூர் என்று ஆண் புலவர்கள் ஊர் போட்டுக்கொண்டது போலவே இவர்களும் போட்டுக்கொண்டார்கள்.

இரண்டாவது வகை, தொழிலோ பொறுப்போ மட்டும். வெண்ணிக் குயத்தியார் என்றால் வெண்ணி ஊரில் குயவர் குடிப் பெண். கரிகாலனின் வெற்றியைப் பாடும்போதே, தோற்றுப் புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்தவனையும் உயர்த்திப் பேசிய துணிச்சல்காரி. அவள் பெயர் நமக்குத் தெரியாது. காவற்பெண்டும் அப்படியே.

மூன்றாவது வகை, உறவு மட்டும். பாரி மகளிர். புறநானூற்று 112ஆம் பாட்டு தமிழ் தெரிந்த எல்லோருக்கும் மனப்பாடம். பாடியவர்கள் பெயர் தொகை நூலில் இல்லை. அங்கவை, சங்கவை என்பது பிற்காலத்தார் வழங்கியது.

நான்காவது வகைதான் அயர்லாந்துக்காரன் பார்த்தால் 'அட, இது எங்கள் வழக்கம்' என்று சொல்லக் கூடியது. பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார். பெருங்கோழி என்பது உறையூர். நாய்கன் என்றால் வணிகன். ஊர், தகப்பன் தொழில், 'மகள்' என்ற உறவுச் சொல், கடைசியில் அவளுடைய சொந்தப் பெயர். ஒன்றும் விடுபடவில்லை.

இந்தப் பெயரைப் படித்துவிட்டு அவள் பாட்டைப் படித்தால்தான் பாட்டின் ஒரு நுணுக்கம் விளங்குகிறது என்பது என் கருத்து. புறநானூற்றில் 83, 84, 85 மூன்றும் அவள் பாட்டு. போர்வைக் கோப்பெருநற்கிள்ளி மேல் கொண்ட காதலை வெளிப்படையாகப் பாடியவள். தாய்க்கும் பயம், ஊரார் அவைக்கும் வெட்கம் என்று தவிக்கிறாள். 84ஆம் பாட்டில் அவன் போர்க்களம் புகுந்தால் எதிரிகளுக்கு எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உவமை சொல்கிறாள்: உப்பு வணிகரான உமணர் பார்த்து அஞ்சும் ஆற்றுத் துறை போல. சரக்கு வண்டியோடு ஆற்றங்கரையில் நிற்பவனுக்குத்தான் அந்தப் பயம் தெரியும். உப்பு தண்ணீரில் இறங்கினால் முதலே போச்சு. மலையிலிருந்து விழும் அருவியையோ காட்டு யானையையோ சொல்லியிருக்கலாம். அவள் வணிகன் வீட்டில் வளர்ந்தவள், அதனால் உமணர் பயம் நாக்கில் வந்தது. 'நாய்கன் மகள்' என்ற ஒட்டு இங்கே வெறும் விலாசம் அல்ல, பாட்டுக்கு உரையாகவும் நிற்கிறது. ஒட்டு எப்போது நல்லது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று உண்டு. குறுந்தொகை 35ஆம் பாட்டைப் பாடியவர் கழார்க் கீரன் எயிற்றியார். கழார் ஊர், எயிற்றி பெண். நடுவே நிற்கும் கீரன் யார்? தகப்பனா, கணவனா? பெயர் சொல்லவில்லை. நடுவில் 'மகள்' என்ற ஒரு சொல் இருந்திருந்தால் சந்தேகமே வந்திராது. தகப்பன் பெயரோடு மகன் பெயர் சேரும்போது எழுத்து எப்படித் திரியும் என்பதற்குத் தொல்காப்பியத்தில் விதியே உண்டு. கொற்றன் மகன் கொற்றன் என்பதைக் 'கொற்றங்கொற்றன்' என்று உரைகாரர்கள் காட்டுவார்கள். அந்த மாதிரி ஒரு தெளிவு எயிற்றியின் பெயருக்குக் கிடைக்கவில்லை.

இரண்டு கைம்பெண்கள்

புறநானூறு 246 பாடியவர் பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு. கணவன் இறந்ததும் தீயில் இறங்கப் போகிறவளைச் சான்றோர் தடுக்கிறார்கள். அவர்களைப் பார்த்து, கைம்மை நோன்பின் அந்த உணவையும் அந்தப் படுக்கையையும் விட எனக்குத் தீயும் தாமரைக் குளமும் ஒன்றுதான் என்கிறாள். தமிழில் இவ்வளவு கோபமும் நிதானமும் ஒன்றாக உள்ள பாட்டு குறைவு. ஆனால் 'பெருங்கோப்பெண்டு' என்றால் பட்டத்தரசி என்பதுதானே? அது பெயர் அல்ல, பதவி. கணவன் பெயர் இருக்கிறது, பதவி இருக்கிறது, அவள் இல்லை.

1773இல் அயர்லாந்தில் ஆர்ட் ஓ லேரி என்ற வீரன் சுட்டுக் கொல்லப்பட்டான். அவன் மனைவி அவன் பிணத்தின் மேல் பாடிய ஒப்பாரி கேலிக் மொழியின் பெருங்கவிதைகளில் ஒன்றாக இன்றும் படிக்கப்படுகிறது. அவள் பெயர் ஐலீன் டுவ் நீ கோனல். கோனல் குடும்பத்து மகள், கருங்கூந்தல் ஐலீன். பின்னாளில் அயர்லாந்தின் தலைவராக விளங்கிய டேனியல் ஓ'கானலுக்கு இவள் அத்தை. அந்நாட்டுப் பழைய வழக்கப்படி மணமான பிறகும் பெண் பிறந்த வீட்டுப் பெயரை விடுவதில்லை. அதனால் கணவனுக்காக அழுத பாட்டிலும் அவள் தன் பெயரில்தான் நிற்கிறாள்.

நம்முடையவள் பாடியது அவளுக்கு மேல் ஆயிரம் வருஷத்துக்கும் முந்தியது. பாட்டைக் காப்பாற்றிய நாம் பெயரைக் காப்பாற்றவில்லை. 1894இல் உ.வே.சாமிநாதையர் புறநானூற்றை அச்சேற்றியபோது ஏடுகளில் கிடைத்ததைத்தான் கொடுக்க முடியும். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தொகுத்த காலத்திலேயே அவள் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது.

சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் முன் தன்னை அறிமுகப்படுத்தும் இடத்தையும் இதோடு வைத்துப் பாருங்கள். புகார் என் ஊர், மாசாத்துவான் மகன் கோவலன், அவன் மனைவி நான் என்று வரிசையாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் கண்ணகி என் பெயர் என்கிறாள். அவளும் நாய்கன் மகள்தான், தகப்பன் மாநாய்கன். அவன் பெயரை அங்கே எடுக்கவில்லை. கணவனுக்கு நியாயம் கேட்க வந்தவள் கணவன் வீட்டு வரிசையைச் சொல்வது வழக்குக்குப் பொருத்தம். ஆனாலும் சொந்தப் பெயரை முடிப்பாகச் சொல்லாமல் விடவில்லை. இளங்கோவடிகள் அந்த இடத்தில் காட்டிய கவனம் சாதாரணமானது அல்ல.

குரத்தியும் கந்தியும்

தகப்பன், கணவன் இருவரும் இல்லாத ஒட்டு ஒன்றும் தமிழ்நாட்டில் இருந்தது. எங்கள் சமயக் கல்வெட்டுகளில் அதைப் பார்க்கலாம். கழுகுமலைப் பாறையில் திருச்சாரணத்துக் குரத்திகள், மிழலூர்க் குரத்தியார் என்று பெண்துறவிகளின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. குரவர் என்றால் ஆசிரியர். அதன் பெண்பால் குரத்தி. (இடையின ரகரம். அச்சில் வல்லின றகரம் விழுந்தால் மலைக்குறத்தி ஆகிவிடுவாள், பிழை திருத்துவோர் கவனிக்கவும்.) ஆர்க்காடு பக்கம் விளாப்பாக்கத்தில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு பட்டினிக் குரத்தி அடிகளைச் சொல்கிறது. கிணறு வெட்டியவர். திருப்பான்மலை அரிட்டநேமி படாரரின் மாணாக்கி என்று அவருக்கு அடையாளம். யாருடைய மகள் என்று அல்ல, யாரிடம் படித்தவள் என்று.

நாம் வந்து குடியேறிய இந்தக் கன்னட நாட்டிலும் அதே வழக்கம். சிரவணபெளகொளக் கல்வெட்டுகளில் பெண்துறவிகள் பெயரோடு 'கந்தியர்' சேரும். சிலம்பில் வரும் கவுந்தி அடிகளின் 'கவுந்தி'யும் இதன் உறவுதான். கன்னடத்தின் முதல் பெண்கவி என்று மரபு போற்றுபவர் பெயரும் 'கந்தி' என்றே வழங்குகிறது. பாருங்கள், மறுபடியும் பட்டம் நின்றது, பெயர் நின்றதா என்று கேட்க வேண்டியிருக்கிறது. துறவிகள் பெயரைத் துறந்தது அவர்கள் விருப்பம். குடும்பத்துப் பெண்கள் துறவு வாங்கிக்கொள்ளவில்லையே!

செல்லமும் மரியாதையும்

பின்னொட்டுக்கு வருவோம். கேலிக்கில் 'ஈன்' என்றால் சின்ன என்று பொருள். மோய்ரா என்ற பெயர் மோய்ரீன் ஆகும், நோரா நோரீன் ஆகும். நம் பெங்களூர் குக் டவுன் பக்கத்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் மொரீன், நொரீன் என்ற பெயர்களைக் கேட்டிருப்பீர்கள். அவை இந்தச் செல்லப் பெயர்களே. ஸ்காட்லாந்தில் மோர் என்பவள் மோராக் ஆவாள். நம் வீடுகளில் சரஸ்வதி சரசு, காமாட்சி காமு, பார்வதி பாரு, ராஜேஸ்வரி ராஜி. அங்கே ஒட்டு கூடிச் சின்னதாகிறது, இங்கே பெயர் குறைந்து சின்னதாகிறது. இரண்டிலும் அடிப்பெயர் உள்ளே தெரிகிறது.

கன்னடத்தில் செல்லத்தை விட மரியாதை அதிகம். லட்சுமி லட்சுமம்மா ஆவாள், கௌரி கௌரம்மா ஆவாள். பழங்கன்னடத்தில் 'அப்பே' என்ற ஒட்டு. தாய் என்று பொருள். பத்தாம் நூற்றாண்டில் பொன்னனின் சாந்தி புராணத்துக்கு ஆயிரம் படிகள் எடுத்துக் கொடுத்த அத்திமப்பே இந்த ஒட்டுக்கு உரியவர். இந்த அப்பே, கன்னட அவ்வா, நம் ஔவை எல்லாம் ஒரே குடும்பத்துச் சொற்கள். அத்திமப்பேயில் 'அத்தி' இருக்கிறது. நம் ஔவையாரிடம் அந்த முன்பாதியே இல்லை. தமிழின் மிகப் பெரிய பெண்கவிக்கு நாம் வைத்திருப்பது 'அம்மையார்' என்ற மரியாதைச் சொல் ஒன்றுதான்.

என் கடைப் பற்று நோட்டைத் திறந்தால் 'டெய்லர் அக்கா', 'மெஸ் அம்மா', 'இரண்டாம் கிராஸ் பாட்டி' என்றுதான் இருக்கும். ஊரும் தொழிலும் சேர்த்துக் கூப்பிடுவது மனிதர் வழக்கம், அது தப்பில்லை. வெண்ணிக் குயத்தியார் பெயரும் இப்படித்தான் உண்டாகியிருக்கும் என்று நோட்டைப் பார்க்கும்போது தோன்றும். ஆனால் கடை நோட்டு வருஷா வருஷம் பழைய பேப்பருக்குப் போகிறது. இலக்கியமும் பத்திரமும் போவதில்லை.

இனிஷியல் என்னும் சுருக்கு

நம் தமிழ்க் குடும்பங்களின் இன்றைய வழக்கம் இனிஷியல். கந்தசாமி மகள் மல்லிகா என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பள்ளியில் க. மல்லிகா. முருகேசனைக் கட்டினால் மு. மல்லிகா. அந்த ஒற்றை எழுத்து தகப்பனா கணவனா என்று யாருக்கும் தெரியாது. கீரன் எயிற்றியின் சிக்கல் இரண்டாயிரம் வருஷம் கழித்தும் நம்மோடு வருகிறது. பஹணியின் 'கோம்' கூட இந்த விஷயத்தில் நேர்மையானது.

தமிழ்நாட்டைத் தாண்டினால் சிக்கல் கூடும். இங்கே விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியலை விரித்துத் தகப்பன் பெயரைப் போடுகிறோம். அப்புறம் எலக்ட்ரானிக் சிட்டி ஆபீசில் அந்தப் பெண்ணை எல்லோரும் 'கந்தசாமி' என்று கூப்பிடுகிறார்கள்! அயர்லாந்தின் கோனல் ஒரு வம்சப் பெயர். கந்தசாமி அவள் அப்பாவின் சொந்தப் பெயர். கல்யாணத்துக்குப் பிறகு அதே கட்டத்தில் முருகேசன்.

என் கடையில் பல வருஷமாகப் பற்று வைக்கும் மெஸ்காரர் ஒருவர், கணவனை இழந்தவர். பெயரை அச்சில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பள்ளிச் சான்றிதழில் தகப்பன் இனிஷியல், ரேஷன் கார்டில் கணவன் இனிஷியல், ஆதாரில் இங்கத்து வழக்கப்படி பெயரோடு ஓர் 'அம்மா'. கணவனின் சேமநிதிப் பணம் வாங்கப் போனபோது மூன்றும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுத்து ஏழு மாதம் அலைந்தார். எந்த அலுவலகம் என்பது முக்கியம் இல்லை. எல்லா இடத்திலும் இதுதான். 'நான் நானேதான்னு எழுதிக் குடுக்க வேண்டியதாப் போச்சுங்க' என்றார்.

சட்டம் கொஞ்சம் இளகியிருக்கிறது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் தாய், தந்தை இருவரில் ஒருவர் பெயர் போதும் என்று 2016 டிசம்பரில் விதி மாறியது. கணவன் இறந்து மறுமணம் செய்த ஒரு தாய் தன் குழந்தையின் குடும்பப் பெயரைத் தீர்மானிக்கலாம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே வழி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வழக்கம்தான் நம்மைப் பிடித்திருக்கிறது.

ஒட்டே வேண்டாம் என்பது என் வாதம் அல்ல. தகப்பன் பெயர் பெருமை, ஊர்ப் பெயர் பெருமை, கணவன் பெயரும் விரும்பிச் சேர்த்தால் பெருமைதான். நம் ஊர் மெட்ரோ நிலையத்துக்கு 2025இல் 'பயோகான் ஹெப்பகோடி' என்று முன்னொட்டோடு பெயர் வைத்தார்கள். ஹெப்பகோடி என்ற பெயர் அதனால் அழிந்துவிடவில்லையே. ஒட்டு பெயரோடு நிற்க வேண்டும். பெயர் இருந்த இடத்தில் ஒட்டு மட்டும் நிற்கக் கூடாது. நக்கண்ணைக்கும் பெருங்கோப்பெண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்த மாதிரி மலர்களின் கடைசிப் பக்கங்களில் நன்கொடையாளர் பட்டியல் வரும். திரு இன்னார், அடுத்த வரியில் 'திருமதி இன்னார்' என்று அதே ஆண் பெயர். கோலப் போட்டி நடத்தியவர், பிள்ளைகளுக்கு ஞாயிறு தோறும் தமிழ் சொல்லிக் கொடுப்பவர், பொங்கலுக்கு 300 பேருக்குச் சமைத்தவர் எல்லோரும் அந்தப் பட்டியலில் பெருங்கோப்பெண்டுகள். இந்த மலரும் ஒரு தொகை நூல்தான். ஐம்பது வருஷம் கழித்து ஒரு பேத்தி இதை எடுத்துப் புரட்டும்போது தன் பாட்டியின் பெயரைத் தேடுவாள். ஆகவே மலர்க் குழுவினருக்கும் குடும்பத்தாருக்கும் என் வேண்டுகோள்: அடுத்த பட்டியலிலிருந்து பெண்களின் சொந்தப் பெயரை முழுதாக எழுதுங்கள். மகள் என்றால் மகள் என்றும், மனைவி என்றால் மனைவி என்றும் எழுத்தில் போடுங்கள். பிள்ளைகளின் சான்றிதழில் தாயின் பெயருக்கும் இடம் கொடுங்கள். உறையூர் நாய்கன் தன் மகளுக்குச் செய்த அளவாவது நாம் செய்யலாம்.